மீதிப் பத்து நிமிடம்

போன தை மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் அத்தை மகன். "ஆயா சொல்ற கூரை ஓட்டுக் கதை நடந்திருக்க சான்ஸே இல்ல. புக் முழுக்கப் பார்த்துட்டேன். எங்கயும் கிடையாது" என்று எழுதி, கீழே வரிசையாகப் படங்களைப் போட்டிருந்தான். தீபாவளிக்கு வந்திருந்தபோது ஆயாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனவை. நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள், ஒருத்தி சிரிக்கும் மூஞ்சி போட்டாள், அப்புறம் யாரோ பிறந்தநாள் கேக் படம் அனுப்ப, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆயா வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. ஆனால் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதே. அன்று சாயந்திரம் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தொண்ணூறைத் தொடப்போகிற ஒரு மனுஷியைப் பார்த்து நீ சொல்வது பொய் என்று சொல்ல எவ்வளவு ஆதாரம் வேண்டும்? அந்தக் கேள்வி அன்றைக்கு என்னைப் பிடித்ததுதான், பல மாதம் விடவில்லை.

ஓட்டுக் கதை தெரியாதவர் எங்கள் சொந்தத்தில் கிடையாது. ஆயாவின் மூத்த அண்ணன் இரண்டாம் உலகப் போரில் விமானி. எனக்குத் தாத்தா முறை. ஆனால் நைனா கூப்பிட்டபடியே எல்லோரும் அவரைப் 'பிளேன் மாமா' என்றுதான் சொல்கிறோம். 1943இல் ஒரு நாள் மத்தியானம் அவர் தன் விமானத்தில் ராயபுரத்து வீட்டுக்கு மேலே வந்தார். பனைமரத்தொட்டிப் பக்கம் இருந்த அந்த நாட்டு ஓட்டு வீட்டை உரசுகிற மாதிரி இரண்டு சுற்று சுற்றினார். கூரையிலிருந்து ஓடு சரிந்து முற்றத்தில் விழுந்து உடைந்தது. காயப்போட்டிருந்த வடகமெல்லாம் மண். பிறகு கடல் பக்கமாகப் போய்விட்டார். அடுத்த வருஷம் பர்மா எல்லையில் போனவர் திரும்பவே இல்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு, கரண்ட் போன ராத்திரி என்று ஆயா இதைச் சொல்லாத இடமில்லை. ஒவ்வொரு தடவையும் உடைந்த ஓட்டின் எண்ணிக்கை மட்டும் மாறும். என் சின்ன வயதில் நாலு. தங்கச்சி கல்யாணத்தின்போது பதினொன்று.

பால் கணக்கு எழுதிய புத்தகம்

அத்தை மகன் 'புக்' என்றது விமானியின் லாக் புக்கை. ஒவ்வொரு தடவை தரையை விட்டுக் கிளம்பும்போதும் அதில் ஒரு வரி எழுத வேண்டும்: நாள், விமானத்தின் வகை, எண், ஓட்டியவர், கூட வந்தவர், என்ன வேலையாகப் போனார், எத்தனை நேரம். பகலுக்கு ஒரு கட்டம், இரவுக்கு ஒரு கட்டம். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். செத்துப்போனவர்களின் சாமான்களைக் கணக்கெடுத்து, கடன் இருந்தால் தீர்த்து, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புவதற்கென்று பிரிட்டிஷ் படையில் ஒரு குழு உண்டு. அப்படித்தான் ஷேவிங் செட், இரண்டு சட்டை, ஒரு டார்ச் லைட்டோடு இந்தப் புத்தகமும் ராயபுரம் வந்து சேர்ந்தது. கொள்ளுப்பாட்டி கடைசிக் காலத்தில் மகள் வீட்டோடு வந்தபோது பெட்டியும் கூடவே வந்தது.

புத்தகத்தில் பாதிக்கு மேல் வெறும் பக்கம். நல்ல தாள், கோடு வேறு போட்டிருக்கிறது, சும்மா விடுவார்களா? ஐம்பதுகளின் கடைசியில் ஆயா அதில் பால் கணக்கு எழுதியிருக்கிறாள். பகல் கட்டத்தில் காலைப் பால், இரவுக் கட்டத்தில் சாயந்திரப் பால். 'என்ன வேலை' என்று கேட்கும் கட்டத்தில் 'தயிருக்கு', 'விருந்தாள்', 'பால்காரன் வரவில்லை'. அண்ணனின் கடைசி வரிக்கும் தங்கையின் முதல் வரிக்கும் நடுவில் ஒரே ஒரு வெற்றுப் பக்கம். அந்தக் கடைசி வரி அவர் கையெழுத்திலும் இல்லை; கிளம்பினார், திரும்பவில்லை என்ற பொருளில் வேறு யாரோ எழுதி வைத்த மூன்று சொல். அத்தை மகன் பால் கணக்கை வரலாற்று ஆவணத்தைக் கெடுத்த வேலை என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் என்றைக்கோ பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும். முன்பக்கங்களை ராமபாணப் பூச்சி தின்றதற்கும் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

பூச்சி விட்டுவைத்ததை வைத்துப் பார்த்தால் ஆளின் பாதை ஓரளவு தெரிகிறது. ஹைதராபாத் பேகம்பேட்டையில் டைகர் மாத் என்னும் பயிற்சி விமானத்தில் பழகியிருக்கிறார். பிறகு அம்பாலா. பிறகு ஹரிக்கேன் என்னும் போர் விமானம். 1942 டிசம்பர் 1ஆம் தேதி திருச்சியில் தொடங்கிய இந்திய விமானப்படையின் 6ஆம் அணியில், அதன் தலைவர் மேஹர் சிங்கின் கீழ் சேர்ந்திருக்கிறார். 1943 கடைசியில் அந்த அணி காக்ஸ் பஜார் பக்கம் போனது, அங்கிருந்து பர்மாவின் அரக்கான் காட்டுக்கு மேலே. மேஹர் சிங்குக்கு 1944இல் டி.எஸ்.ஓ. என்னும் பிரிட்டிஷ் படை விருது கிடைத்தது. அந்தப் போரில் அதை வாங்கிய இந்திய விமானப்படைக்காரர் அவர் ஒருவர்தான்.

ஆளைத் தேடிப் போனால் முதலில் இடறுவது பெயர். எங்கள் ஊரில் இனிஷியலும் பெயரும்தான். படையின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். அப்பா பெயரை அங்கே எழுதிவிட்டால் ஆள் தன் அப்பா பெயரிலேயே காலம் முழுக்கப் பதிவாகிவிடுவார். பிளேன் மாமாவின் பெயரை வைத்து இரண்டு வருஷம் தேடியும் கிடைக்காமல், கொள்ளுத்தாத்தாவின் பெயரை, அதுவும் ஒரு எழுத்து மாற்றிப் போட்டபோதுதான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஆள் அகப்பட்டார். இண்ட் என்று தொடங்கும் அதிகாரி எண் லாக் புக்கில் இருந்ததோடு ஒத்துப்போனது. ஆசியப் போரில் உடல் கிடைக்காத விமானப்படைக்காரர்களின் பெயரெல்லாம் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவிடத்தில் பொறித்திருக்கிறது, தரைப்படைக்காரர்களையும் சேர்த்து மொத்தம் 24,000க்கும் மேல். அத்தை மகன் எம்.ஆர்.டி. ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தான். கூரையே விமான இறக்கை மாதிரி இருக்கிறது என்றான். தூணில் அந்தப் பெயரைத் தொட்டபோது அழுதேன் என்று என்னிடம் மட்டும் சொன்னான். அவனை நான் இந்தக் கட்டுரையில் வில்லனாக்கப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இதற்காகப் பணமும் லீவும் செலவழித்தவன் அவன் ஒருவன்தான்.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. எத்தனை பிளேனைச் சுட்டார்? ஒன்றுமில்லை என்றதும் சித்தப்பா முகத்தில் விழுந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே! அரக்கானில் இந்த அணிக்குச் சண்டை போடுவது முதல் வேலையில்லை. தாழப் பறந்து ஜப்பான்காரன் எங்கே இருக்கிறான், பாலம் எது, படகு எத்தனை என்று பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வருவது. இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் கீழே பார்ப்பார், இன்னொருவர் அவர் முதுகைக் காப்பதற்காகப் பின்னாலேயே வளைந்து வளைந்து வருவார். பிளேன் மாமா பெரும்பாலும் இரண்டாமவர். அதாவது அவர் வேலையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். இதில் சினிமா எடுக்க முடியாது என்றார் சித்தப்பா. வியாசர்பாடி மாமா வீட்டாருக்கு வேறு கணக்கு. அவர்கள் 1942இல் ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள்; வழியில் இரண்டு பேரைப் புதைத்துவிட்டு வந்தார்கள். "நாங்க நடந்து வந்த காட்டுக்கு மேலதான உங்காளு பறந்தாரு" என்று அந்த மாமா ஒரு தடவை சொன்னார். அவர் சித்தப்பா ஒருவர் நேதாஜி படையில் இருந்தவராம். அந்தச் சாப்பாட்டு மேஜையில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை, அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டோம்.

ஒரு மணி பதினைந்து

அத்தை மகனின் வாதத்தில் பலம் இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் வட சென்னை வானத்தில் விமானத்துக்கு என்ன பஞ்சம்? செங்குன்றம் ஏரியில் கேட்டலீனா என்னும் பறக்கும் படகுகள் இறங்கின. சோழவரத்தில் ஓடுபாதை போட்டார்கள். பின்னாளில் கார் ரேஸ் விட்டார்களே, அதே இடம். ஹார்பர் இருக்கிறபடியால் இந்தப் பக்கம் எந்நேரமும் ஏதாவது உறுமிக்கொண்டுதான் இருந்திருக்கும். எட்டு வயதுக் குழந்தை எதையோ பார்த்துவிட்டு அண்ணன் என்று நினைத்திருக்கலாம். பயம் வேறு இருந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் மதராஸே காலியானது. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் புலி, சிங்கத்தையெல்லாம் சுட்டுப்போட்டார்கள். எங்கள் வீட்டார் ஆற்காட்டுப் பக்கம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். கொள்ளுப்பாட்டிக்கு அதற்கும் முந்திய பயம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி எம்டன் கப்பல் சுட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஹார்பர் எண்ணெய்த் தொட்டி எரிந்த வெளிச்சத்தில் ராயபுரம் தெருவில் நிழல் விழுந்தது என்று சாகும்வரை சொல்வாளாம்.

நானும் ஏறக்குறைய அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்போதுதான் பெரம்பூரில் இருக்கும் நண்பனின் அப்பாவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். ஏர்ஃபோர்ஸில் இஞ்சின் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏன் தம்பி, இது மாசாமாசம் ஆபீசர் கையெழுத்துப் போடுற புக்கு. வீட்டு மேல போய் ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு வந்தேன்னு எவனாவது அதுல எழுதுவானா? எழுதினா கோர்ட் மார்ஷல்."

இவ்வளவு எளிய விஷயம் படித்த எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அனுமதி இல்லாமல் தாழப் பறப்பது அன்றைக்குப் பெரிய குற்றம். அம்மா வீடு, காதலி வீடு என்று வேடிக்கை காட்டப் போய் மரத்தில் மோதிச் செத்த இளம் விமானிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அப்படியென்றால், ஆயா சொன்னது நடந்திருந்தாலும் இந்தப் புத்தகத்தில் இருக்காது, நடக்காவிட்டாலும் இருக்காது. புத்தகத்தில் இல்லை, அதனால் பொய் என்ற அத்தை மகனின் கணக்கு அந்த நிமிடமே உட்கார்ந்துவிட்டது. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் அணிகளின் நடவடிக்கைப் பதிவேடுகள் ஏராளமாக இருக்கின்றன, போருக்குப் போன ஒவ்வொரு பறப்புக்கும் கிளம்பிய மணி, இறங்கிய மணி போட்டு. அவையும் அதிகாரிக்காக அதிகாரி எழுதியவைதான். விட்டுப்போனவற்றுக்கு அங்கேயும் கட்டம் கிடையாது.

அவர் அதோடு விடவில்லை. 1943 பிப்ரவரியில் ஒரு வரியைக் காட்டினார். திருச்சியிலிருந்து செயின்ட் தாமஸ் மவுண்ட், பயிற்சிப் பறப்பு, ஒரு மணி பதினைந்து நிமிடம். அடுத்த நாள் அதே விமானம், அதே ஆள், மவுண்டிலிருந்து திருச்சி: ஐம்பத்தைந்து நிமிடம். மவுண்ட் என்றால் இன்றைய மீனம்பாக்கம். வான்வழியில் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஹரிக்கேன் மணிக்கு 320, 350 என்று நிதானமாக வந்தாலே 50 அல்லது 55 நிமிடம்தான். "வரும்போது மட்டும் இருபது நிமிஷம் எங்க போச்சு?" என்றார். நான் பரபரத்துவிட்டேன். அவர் கையமர்த்தினார். பிப்ரவரியில் வாடைக்காற்று எதிர்முகம், வரும்போது தடுக்கும், போகும்போது தள்ளிவிடும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். காற்று தின்றது பத்து நிமிடம். மீதிப் பத்து நிமிடம் இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து ராயபுரம் 20 கிலோமீட்டருக்குள்; ஹரிக்கேனுக்கு மூன்றரை நிமிடம். போக மூன்றரை, வர மூன்றரை, நடுவில் இரண்டு சுற்று என்றால் சரியாகப் பொருந்துகிறது. "பொருந்துதுன்னுதான் சொல்றேன். இறங்க எடம் இல்லாம மேலயே சுத்திக்கிட்டும் இருந்திருக்கலாம். மேகமா இருந்திருக்கலாம்" என்றார். பிறகு அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

கட்டிலுக்கு அடியில்

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ராயபுரம் போனபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி. கல்மண்டபத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி, மார்க்கெட்டில் ஆயாவுக்குப் பிடித்த மாவுப் பூரிப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. ஆயா முதல் மாடியில் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்தாள். நான் பத்து நிமிடக் கணக்கை விளக்கினேன். காற்று, வேகம், தூரம். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இன்னாடா, பஸ்ஸு டைம் கீபர் மாரி பேசற" என்றாள். அவ்வளவுதான் அந்தக் கணக்குக்குக் கிடைத்த மரியாதை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, "உங்கம்மா அவரைப் பாத்து கை ஆட்டினாங்களா ஆயா?" என்று கேட்டேன்.

"அம்மா எங்க பாத்துச்சு? சத்தம் கேட்டதும் ஜப்பான்காரன் வந்துட்டான்னு எங்க மூணு பேரையும் இழுத்துக்கினு கட்டிலுக்கு அடியில பூந்துக்குச்சு. என் தலைய அமுக்கிப் புடிச்சிருந்துது. ஓடு ஒடையற சத்தம் கேட்டு, குண்டு போட்டுட்டான், குண்டு போட்டுட்டான்னு ஒரே கத்து."

இத்தனை வருஷக் கதையில் இந்தக் கட்டில் வந்ததே இல்லை. ஆயாவும் அப்படியானால் விமானத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்த சின்னப் பெண்ணாகத்தான் அவளை நாங்கள் எல்லோரும் மனதில் வைத்திருந்தோம். நிஜமா, பொய்யா என்று ஊரெல்லாம் விசாரித்தவன், கிராஞ்சிவரை ஆள் அனுப்பியவன், பக்கத்தில் உட்கார்ந்து இதை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டேன்.

"அப்ப வந்தது அண்ணன்தான்னு எப்படித் தெரியும்?"

"லெட்டர் போட்டாரே."

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து வந்த லெட்டர். எந்த ஊரில் இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று போர்க்காலத்தில் எழுதக் கூடாது. அவர் எழுதவும் இல்லை. எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், கூரை ஓடு எல்லாம் சரியாக இருக்கிறதா, ஏதாவது உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாராம். ஓடு உடைந்த சேதி இவனுக்கு யார் சொன்னது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஹார்பரில் கிளார்க்காக இருந்த ஆயாவின் அப்பா இரண்டாம் தடவை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லையாம். அதற்கு அப்புறம்தான் அம்மாவுக்கு விளங்கியது. விளங்கியதும் அழுதாள். வந்தவனைப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தோமே என்று.

"லெட்டர் எங்க ஆயா?"

"வீடு இடிச்சப்ப இன்னாத்த கண்டோம். போச்சு."

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது, ஹார்பர் பக்கத்து லாரிச் சத்தத்தோடு. ஆயா பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல நேரமானது.

"அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னை உக்கார வச்சு பதில் எழுதச் சொல்லுச்சு. நீ வந்தத நான் பாத்தேன், முத்தத்துல நின்னு கை ஆட்டினேன், உன் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதுன்னு எழுதுன்னுச்சு. நீதான் கட்டிலுக்கு அடியில இருந்தியேம்மான்னேன். மண்டையில ஒண்ணு குடுத்துச்சு. எழுதினேன்."

"ஓடு உடைஞ்சத எழுதினியா?"

"எழுதினேனே."

"எத்தனைன்னு எழுதின?"

"மூணு," என்றாள் ஆயா. "ஒடஞ்சது மூணுதான்."